ஆட்டமும் ஆட்டக்காரரும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்த அன்பர்களுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்கும். மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறையப் பாதி தூரம் நடந்து கால் ஓய்ந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. களைத்தவர்கள் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவதற்கென்றே ஏற்பட்டவை போல இங்கே தேநீர்க் கடைகள் பல உண்டு. 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி, சனிக்கிழமை முற்பகல், அத்தகைய கடை ஒன்றின் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஒரே கைபேசியின் மேல் கவிழ்ந்துகொண்டிருந்தார்கள். கார்த்திகை தீபம் ஏற்றிப் பத்து நாள் கழிந்திருந்தது. மலை உச்சியில் இரவுதோறும் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்த சமயம். ஆனால் பையன்கள் அன்று மலைப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பையன்களில் சிலர் என் மாணவர்கள். சிலர் என் மாணவர்களின் பிள்ளைகள். ஆகவே என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"சார், கொல்கத்தாவிலே மெஸ்ஸி வந்துட்டார், பாருங்க" என்றான் ஒருவன்.

பார்த்தேன். பச்சைப் புல்வெளியின் நடுவே ஒரு மனிதக் கும்பல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கோட்டு அணிந்தவர்கள், சீருடை அணிந்தவர்கள், புகைப்படக் கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர்கள் என்று எல்லாரும் தெரிந்தார்கள். "மெஸ்ஸி எங்கே அப்பா?" என்று கேட்டேன். "அந்தக் கும்பலுக்கு நடுவிலே இருக்கார் சார்" என்றான். அவன் குரலில் சற்று வெட்கம் கலந்திருந்தது. இங்கே, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசியில் பார்க்கிற எங்களுக்கு எவ்வளவு தெரிந்ததோ, அங்கே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து மாடத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் தெரிந்தது என்பது பிறகு விளங்கிற்று.

கால்பந்தில் பழக்கமில்லாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. லயனல் மெஸ்ஸி அர்ஜென்டினா நாட்டவர். 2022-இல் கத்தாரில் உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் தங்கப் பந்துப் பரிசை எட்டு முறை பெற்றவர். வேறு எவரும் அத்தனை முறை பெற்றதில்லை. அவருடைய திறமையைப் பற்றி இங்கே எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர் நம் நாட்டுக்கு வந்த அந்தப் பயணத்திற்கு 'கோட்' பயணம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். எக்காலத்திலும் தலைசிறந்தவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தச் சொல் வரும். ஆட்டுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். எங்கள் ஊரில் இதைச் சொல்லி ஒரு கிழவர் சிரித்தார். பையன்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சால்ட் லேக் மைதானத்தில் அன்று நடந்தது இதுதான். முற்பகல் பதினொன்றரை மணியளவில் மெஸ்ஸி வந்தார். அவருடன் லூயிஸ் சுவாரெசும் ரோத்ரிகோ தே பாலும் வந்தார்கள். அமைச்சர்களும் அதிகாரிகளும் அவர்களுக்கு வேண்டியவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அவர் வெளியேறிவிட்டார். பந்தை ஒரு முறையேனும் உதைப்பார் என்று காத்திருந்த கூட்டம் பொங்கிவிட்டது. முதலில் தண்ணீர்ப் புட்டிகள் பறந்தன. பின்னர் நாற்காலிகள் பெயர்த்து எறியப்பட்டன. வேலியைத் தாண்டிக் களத்தில் இறங்கியவர்கள் பந்தல்களையும் கோல் வலைகளையும் பிய்த்தார்கள். விழாவுக்கு வந்துகொண்டிருந்த மாநில முதலமைச்சர் மம்தா பானர்ஜி பாதி வழியில் திரும்பினார்; மெஸ்ஸியிடமும் ரசிகர்களிடமும் மன்னிப்புக் கேட்டார்; ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார். விழா அமைப்பாளர் அன்றே கைது செய்யப்பட்டார். சில நாட்களுக்குள் விளையாட்டுத்துறை அமைச்சரும் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே நகரில் அன்று காலை மெஸ்ஸிக்கு 70 அடி உயரச் சிலை ஒன்றும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. சிலைக்கு ஒரு சேதமும் இல்லை.

கைபேசியில் நாற்காலிகள் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் எல்லாருக்கும் இளையவன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "சார், அவருக்கு உடம்பு சரியில்லையோ?"

அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே கேள்வியை, அதே சொற்களில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு சிறுவன் என்னிடம் கேட்டிருக்கிறான்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பக்கத்து மாவட்டத்து நகரம் ஒன்றில் காட்சிப் பந்தயம் நடக்கப் போவதாகச் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தார்கள். இந்திய அணிக்கு ஆடிப் பெயர் பெற்ற ஒருவருடைய படம் சுவரொட்டியின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் ஆடுவார் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், வகுப்பு வகுப்பாகச் சென்று சொன்னேன். இருபத்திரண்டு பையன்கள் பெயர் கொடுத்தார்கள். பெரும்பாலும் மல்லாட்டை பிடுங்குகிற, நாற்று நடுகிற குடும்பத்துப் பிள்ளைகள். பஸ் கட்டணமும் நுழைவுக் கட்டணமுமாக அவர்கள் கொண்டுவந்து தந்த சில்லறையை எண்ணி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அழைத்துப் போனேன். இடைவேளையின்போது ஒரு கார் வந்தது. புகழ்பெற்றவர் இறங்கினார். மாலை போட்டார்கள். தோல் செருப்புக் காலோடு நடுவட்டத்தில் பந்தை ஒரு முறை தட்டிவிட்டு, கையசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தச் சிறுவன் என் சட்டையைப் பிடித்திழுத்துக் கேட்டான். "ஆமாம், காய்ச்சல்" என்று சொன்னேன். அது பொய். அவனுக்காகச் சொன்னேனா, என் மானத்தைக் காத்துக்கொள்ளச் சொன்னேனா என்பதை நேயர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன்கள் அழுது வடிந்துகொண்டு வரவில்லை. இடைவேளைக்குப் பின் இடது ஓரத்தில் ஒருவர் ஆடினார். மெலிந்த ஆள், பெயர் தெரியாது, ஏதோ ஆலைத் தொழிலாளர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். கோட்டை ஒட்டியே பந்தைக் கொண்டுபோய், எதிராளி காலை நீட்டும் கணத்தில் உள்ளே திரும்புவார். மூன்று முறை அப்படித் திரும்பினார். மூன்றாவது முறை கோல். வழியெல்லாம் பையன்கள் அவரைப் பற்றியே பேசினார்கள். மறுநாள் மாலை பள்ளித் திடலில் எல்லாரும் இடது ஓரத்தில்தான் ஆடுவேன் என்று சண்டை போட்டார்கள்.

கொல்கத்தா ரசிகர்களுக்கு இந்த ஆறுதல்கூடக் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே மெஸ்ஸி ஆடும் முழு ஆட்டம் என்று ஒன்று அறிவிக்கப்படவே இல்லை. மெஸ்ஸி வருவார், தோன்றுவார், போவார் என்பதுதான் அறிவிப்பின் சாரம். விற்கப்பட்டது ஆட்டமன்று, காட்சி. வாங்கியவர்களோ, எழுதாத இடத்தில் ஆட்டத்தையும் சேர்த்து எழுதிப் படித்துக்கொண்டார்கள். அப்படிப் படிக்க வேண்டும் என்பதுதானே விளம்பரத்தின் நோக்கம்! கடைசியில் காட்சியும் கிடைக்கவில்லை. காட்சிக்கு நடுவே பெரிய மனிதர்கள் வந்து நின்றுகொண்டார்கள். இது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய அனுபவமன்று. திருவிழாக் கூட்டத்தில் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அன்று மாலையே ஐதராபாத்தில் நிகழ்ச்சி ஒழுங்காக நடந்தது. அங்கே மெஸ்ஸி பந்தை உதைத்தார்; மாடத்தில் இருந்தவர்களுக்கும் பந்துகளை அனுப்பினார். அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள அங்கே அறிவிக்கப்பட்டிருந்த கட்டணம் ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய். எங்கள் பக்கத்தில் அந்தப் பணத்திற்கு ஒரு சிறு வீடு கட்டிவிடலாம்.

ஒரு நல்ல ஆட்டக்காரர் எப்படி இவ்வாறு ஆட்டத்திலிருந்து கழன்று, தனியே விற்கும் சரக்காக மாறுகிறார் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். களத்தில் இருபத்திரண்டு பேர், பந்து ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், எத்தனை பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் பந்து அவர் காலில் இருப்பது இரண்டு மூன்று நிமிடமே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் ஓடுகிறார், நிற்கிறார், இடம் தேடுகிறார், பிறருக்கு இடம் செய்து கொடுக்கிறார். மெஸ்ஸியோ களத்தில் மிகுதியாக நடக்கிறவர். மைதானத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் முதலில் வியப்பது அதைத்தான்: இவர் ஏன் உலாவப் போகிறவர் போல நடக்கிறார்? நடக்கும்போது அவர் தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். எந்தத் தடுப்பாளர் எங்கே நிற்கிறார், எந்த இடம் காலியாகப் போகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த நடையில்தான் அவருடைய பாதி வித்தை இருக்கிறது.

விளம்பரத்திற்கு இந்த நடை உதவாது. கைபேசியில் வருகிற அரை நிமிடத் துணுக்கில் அவர் நடப்பதில்லை. நான்கு பேரைத் தாண்டுகிறார், கோல் போடுகிறார், கைகளை வானத்துக்கு உயர்த்துகிறார். அடுத்த துணுக்கிலும் அதுவே. அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் யார்? தாண்டப்பட்ட நால்வரையும் ஒரு பக்கமாக இழுத்துச் சென்றவர் யார்? அவர்கள் எல்லாரும் கத்தரிக்கப்பட்டுவிட்டார்கள். எங்கள் பையன்களைக் கேட்டுப் பார்த்தேன். பத்தாம் எண் போட்ட நீலவெள்ளைச் சட்டை வைத்திருப்பவர்கள் ஆறு பேர். தீபத் திருவிழாக் கடைகளில் வாங்கியது. அவர்களில் மெஸ்ஸி ஆடிய ஓர் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தவன் ஒருவன். அது 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மற்றவர்கள் அவரை நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறார்கள்; ஆனால் அவர் ஆடிப் பார்த்ததில்லை. இந்தக் கண்ணோடு ஒருவன் மைதானத்துக்குப் போனால், நேர்மையாக ஆடுகிற மெஸ்ஸிகூட அவனை ஏமாற்றியே தீருவார்.

இதற்கு மேல் ஒப்பந்தம் என்று ஒன்று வருகிறது. புகழ்பெற்ற அணியை வெளிநாட்டுக்கு அழைக்கும் அமைப்பாளர், இன்ன ஆட்டக்காரர் இத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார். அந்த நிமிடங்களை நம்பித்தான் அனுமதிச் சீட்டும் விளம்பர இடமும் விலை போகின்றன. 2019 ஜூலை 26 அன்று தென்கொரியாவின் சியோல் நகரில் இத்தாலியின் யுவென்டஸ் அணி ஆடியது. கிறிஸ்டியானோ ரொனால்டோ குறைந்தது 45 நிமிடம் ஆடுவார் என்று அறிவித்திருந்தார்கள். ஏறத்தாழ 65 ஆயிரம் பேர் கூடினார்கள். ரொனால்டோ பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டம் 3-3 என்று சமமாக முடிந்தது. ஆறு கோல்கள் விழுந்த ஆட்டத்தை யாரும் நினைவில் வைக்கவில்லை. கொரியர்கள் நாற்காலியைப் பெயர்க்கவில்லை, வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் இரண்டு ரசிகர்களுக்குத் தலைக்கு 3,71,000 வோன் தரும்படி அமைப்பாளருக்கு உத்தரவிட்டது.

2024 பிப்ரவரி 4 அன்று ஹாங்காங்கில் நடந்தது இதற்குத் தம்பி. மெஸ்ஸியின் இன்டர் மயாமி அணி ஆட வந்தது. சுமார் 40 ஆயிரம் பேர் கூடினார்கள். காயம் என்று சொல்லி மெஸ்ஸி உட்கார்ந்தே இருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கூட்டம் முழங்கியது. காயம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆட்டக்காரரின் கால் சதையால் ஆனதுதானே! ஆனால் மூன்று நாள் கழித்து ஜப்பானில் அவர் களத்தில் இறங்கியதும் ஹாங்காங்காரர்களின் கோபம் இரண்டு மடங்காயிற்று. முடிவில் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். இங்கும் தவறு எங்கே நேர்ந்தது? பதினொருவர் ஆடும் ஆட்டத்தை ஒருவருடைய தொடைத் தசையின் மேல் கட்டியதில்தான்.

நம் நாட்டில் இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 2012 ஜனவரி 30 அன்று கொல்கத்தாவில் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். அர்ஜென்டினாவின் ஹெர்னான் கிரெஸ்போ 8,40,000 டாலருக்குப் போனார். 2006-இல் இத்தாலிக்கு உலகக் கோப்பையை வென்று தந்த தலைவர் ஃபாபியோ கன்னவாரோ 8,30,000 டாலர். பிரான்சின் ராபர்ட் பிரெஸ் 8,00,000 டாலர். எல்லாரும் ஆடும் வயது கடந்தவர்கள், அல்லது கடக்கும் வாசலில் நின்றவர்கள். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் படங்கள் வந்தன. போட்டி தள்ளி வைக்கப்பட்டது. மீண்டும் தள்ளி வைக்கப்பட்டது. கடைசி வரை ஒரு பந்துகூட உருளவில்லை. அன்று ஏலம் போன நட்சத்திரங்கள் ஆடுவதற்குத் தகுதியான மைதானங்கள் ஆயத்தமாக இல்லை என்பது ஏலத்துக்குப் பிறகுதான் பலருக்கு நினைவு வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2014 அக்டோபரில், இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. ஒவ்வோர் அணியும் ஒரு பழைய நட்சத்திரத்தை முகப்பாக வைத்துக்கொண்டது. இத்தாலியின் அலெசாண்ட்ரோ தெல் பியெரோ டெல்லிக்கு ஆடினார். அவருக்கு அந்தப் போட்டியின் நடுவே 40 வயது நிறைந்தது. பத்து ஆட்டங்களில் ஒரு கோல் போட்டார். ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. சென்னை அணிக்கு வந்த பிரேசில்காரர் எலானோ எட்டுக் கோல்கள் போட்டு அந்த ஆண்டு முதலிடம் பெற்றார். நேரு மைதானத்தில் அவர் தனி உதைக்குப் பந்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கும்போது மாடத்தில் பேச்சு நின்றுவிடும். அவரை மக்கள் முதலில் விளம்பரத்துக்காகப் பார்க்க வந்தார்கள். பிறகு ஆட்டத்துக்காக வந்தார்கள். அந்த அணி 2015-இலும் 2018-இலும் கோப்பையை வென்றது.

இனி 1977-க்குப் போவோம். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று பெலே கல்கத்தாவுக்கு வந்தார். அவருக்கு அப்போது 36 வயது. ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் இருந்தது. நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காக, ஈடன் தோட்டத்தில், மோகன் பகானை எதிர்த்து ஆடினார். மழை பெய்து தரை சேறாகியிருந்தது. காலுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற தயக்கம் அவருக்கு. கௌதம் சர்க்கார் என்ற ஆட்டக்காரர் அவரை நிழல் போலத் தொடர்ந்தார். உண்மையைச் சொன்னால் பெலே அன்று பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பெலேயின் மாயத்தைக் காண வந்தவர்கள் அதைக் காணவில்லை. ஆனால் ஷியாம் தாப்பாவும் முகமது ஹபீபும் கோல் போட்டார்கள். ஒரு கட்டத்தில் மோகன் பகான் முன்னணியில் இருந்தது. பிறகு ஒரு பெனால்டியால் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அந்தப் பெனால்டி சரியா தவறா என்ற வாதம் வங்காளத்தில் இன்னும் ஓயவில்லை. பெலேயைப் பார்க்கப் போனவர்கள் ஹபீபைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மெஸ்ஸியும் 2011 செப்டம்பர் 2 அன்று இதே சால்ட் லேக் மைதானத்தில் வெனிசுவேலாவை எதிர்த்து ஆடியிருக்கிறார். அவர் கோல் போடவில்லை. அவர் மூலையிலிருந்து அனுப்பிய பந்தை ஒட்டாமெண்டி தலையால் முட்டிக் கோல் ஆக்கினார், 1-0. யாரும் நாற்காலியைத் தொடவில்லை. கொல்கத்தா மக்கள் நாற்காலி உடைப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று டிசம்பரில் சிலர் எழுதினார்கள். அவர்கள் இந்த இரண்டு நாட்களையும் மறந்துவிட்டார்கள்.

இதுவரை விளம்பரக்காரர்களையும் அமைப்பாளர்களையும் பற்றியே பேசினேன். ரசிகர்களாகிய நம் பங்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வது சற்றுக் கசப்பானது.

2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீன தைபே அணியை 5-0 என்று வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல்கள் போட்டார். அதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு படக்கருவியின் முன் நின்று மக்களிடம் மன்றாடினார். ஐரோப்பிய அணிகளின் ரசிகர்களே, எங்கள் ஆட்டம் அந்தத் தரத்தில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். வந்து எங்களை ஏசுங்கள், திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்பது அவர் பேச்சின் கருத்து. அடுத்த ஆட்டத்துக்கு எல்லா இடங்களும் நிறைந்தன. அதை நினைத்து நாம் பெருமைப்படுகிறோம். எனக்கென்னவோ பெருமை வரவில்லை. நாட்டின் அணித்தலைவர் கைகூப்பி அழைத்த பிறகுதானே போனோம்! அந்த மனிதர் 2024-இல் ஓய்வு அறிவித்தபோது நாட்டுக்காக 94 கோல்கள் போட்டிருந்தார். 2025 டிசம்பர் 14 அன்று, கொல்கத்தாக் கலவரத்துக்கு மறுநாள், மும்பை வான்கடே மைதானத்தில் மெஸ்ஸி அவருக்குத் தம் பெயர் போட்ட சட்டையைப் பரிசாகத் தந்தார். மாடங்கள் நிறைந்திருந்தன, கரகோஷம் விண்ணைப் பிளந்தது. யாருக்காகக் கூடிய கூட்டம் அது என்பதைச் சேத்ரி அறியாதவரல்லர்.

அந்த டிசம்பரில் நம் கால்பந்து இருந்த நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்திய ஆண்கள் அணி உலகத் தரவரிசையில் 142-ஆம் இடத்தில் இருந்தது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்திருந்தது. நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடமும் தோற்றது. இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியவிருந்து, புதுப்பிக்கப்படாமல் இருந்ததனால் ஜூலையிலேயே போட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டில் சென்னை அணி தன் செயல்பாடுகளை நிறுத்தியது. அதாவது, உலகின் மிகப் பெரிய ஆட்டக்காரரை வெறுமனே பார்ப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்த நாட்டில், ஆடுவதையே தொழிலாகக் கொண்ட நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஆடுவதற்குப் போட்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஜூலையில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேர்வு பெற்றது. இதை அந்தத் தேநீர்க் கடையில் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல வாயெடுத்தவன், எனக்கே அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

நம்மவர் ஒருவரையும் சொல்லலாம். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெருவிடம் 3-1 என்று தோற்றபோது, அந்த ஒரு கோலைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர். அதற்குப் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை. ஆகவே நம் நாடு அங்கே போட்ட கடைசிக் கோல் இன்றளவும் அதுதான். அவர் படம் போட்ட சட்டை எந்தத் திருவிழாக் கடையிலும் கிடைக்காது.

இத்தனையும் பையன்களிடம் அன்று நான் சொல்லவில்லை. இளையவன் கேட்ட கேள்விக்கு மட்டும், "உடம்புக்கு ஒன்றுமில்லை அப்பா, அவர் ஆட வரவில்லை, அவரைக் காட்டத்தான் அழைத்து வந்திருக்கிறார்கள்" என்று சொன்னேன். நாற்பது ஆண்டுக் கடனில் பாதியாவது தீர்ந்தது. அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ ஏன் சார் காட்டலை?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் பக்கத்து ஊரோடு ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார்கள். ஊர்ப் புறத்தில் அறுவடை முடிந்த கொல்லை ஒன்றைச் சமன் செய்து, மூங்கில் கழிகள் நட்டுக் கோல் அமைத்தார்கள். ஒரு பிளெக்ஸ் பேனரும் அடிக்க வேண்டும் என்றார்கள். மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் நடுவே மெஸ்ஸி ஆளுயரத்துக்கு நின்றார். கீழே ஓரத்தில் எங்கள் அணியினர் பதினொருவரும் தபால் தலை அளவில் இருந்தார்கள். "இவர் வரப்போகிறாரா?" என்று கேட்டேன். "இல்லை சார், படம் இருந்தாத்தான் ஜனங்க நின்னு பாப்பாங்க" என்றான் அணித்தலைவன். நான் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்குள் இரண்டு நாள் தர்க்கம் நடந்தது என்று கேள்வி. பிறகு பேனர் வந்தது. மெஸ்ஸி போகவில்லை, ஆனால் ஒரு மூலைக்கு நகர்ந்திருந்தார். பதினொருவரும் நடுவில் பெரிதாக நின்றார்கள். கோல் காப்பாளன் மட்டும் படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்டான்.

பந்தயத்தன்று இருநூறு பேர் வரை கூடியிருப்பார்கள். நடுவராக விசிலை வாயில் வைத்துக்கொண்டு நான் களத்தில் இறங்கும்போது, பேனருக்கு அடியில் ஒரு பாட்டி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் நின்ற மனிதரைக் காட்டி, "இந்தப் பிள்ளை யாரு, நம்ம ஊரா?" என்று கேட்டாள். யாரோ சொன்னார்கள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்த தன் பேரனைத் தேடிப் பிடித்து, அங்கேயே நின்றுவிட்டாள். நான் விசில் ஊதினேன்.